அம்மாவின் கைப்பக்குவம் அம்மாவோடு போகலாமா?

நாகர்கோவில் ரெயில் நிலையம். சென்னைக்குப் புறப்படும் ரெயில் தயாராக நிற்கிறது. ஜன்னல் ஓரத்தில் ஒரு வாலிபன் உட்கார்ந்து இருக்கிறான். வெளியே அவனுடைய தாய் நிற்கிறாள். அவள் கையில் ஒரு பை. பைக்குள் ஒரு தகர டப்பா. டப்பாவுக்குள் முந்திரிக்கொத்து!

"கூட இருக்க பிள்ளைகளுக்கும் குடு, மக்களே. நீ மட்டும் திங்காத" என்று தாய் சொல்கிறாள். ரெயில் நகர்கிறது.

குமரி மாவட்டத்தில் இப்படி ஒரு டப்பாவைக் கட்டிக் கொடுக்காத தாய் குறைவு. அது சென்னைக்குப் போகிறது. மும்பைக்குப் போகிறது. கடல் கடந்து வளைகுடா நாடுகளுக்கும் போகிறது.

பத்து ஆண்டுகள் கழிகின்றன. வாலிபனுக்குக் கல்யாணம் ஆகிறது. பிள்ளை பிறக்கிறது. ஒரு தீபாவளிக்கு ஊருக்கு வர முடியவில்லை. தாய்க்குப் போன் செய்கிறான்.

"அம்மா, முந்திரிக்கொத்து எப்படிச் செய்யணும்?"

"அது என்ன பெரிய காரியம், மக்களே! பயறை வறுக்கணும். வெல்லம் கொஞ்சம் போடணும். பாகு பதமா இருக்கணும்."

"கொஞ்சம்னா எவ்வளவும்மா?"

"கண் அளவுதான்."

"பதம்னா?"

"கையில தொட்டா தெரியும்லா!"

அதோடு பேச்சு முடிகிறது. அளவு தெரிந்த கண் நாகர்கோவிலில் இருக்கிறது. பதம் தெரிந்த கை நாகர்கோவிலில் இருக்கிறது. அடுப்பு மட்டும் சென்னையில் எரிகிறது!

இது எங்கோ ஒரு வீட்டுக் கதை அல்ல. பிள்ளைகள் வெளியூர் போய்விட்ட வீடுகளில் எல்லாம் நடப்பதுதான். பாட்டிக்குத் தெரிந்தது அம்மாவுக்குத் தெரியும். அம்மாவுக்குத் தெரிந்தது பிள்ளைக்குத் தெரியாது. மூன்றாவது தலைமுறையில் பெயர்கூட மறந்துவிடும்.

வீட்டுச் சமையலை அளவோடு எழுதி வைக்க வேண்டும். அதை மகளுக்கு மட்டும் அல்ல, மகனுக்கும் சொல்லிக் கொடுக்க வேண்டும். இன்றே தொடங்க வேண்டும். நாளை என்று தள்ளிப் போட்டால், சொல்லித் தர ஆள் இருக்காது.

எழுதி வைக்க என்ன இருக்கிறது?

"சோறும் குழம்பும்தானே? அதை எழுதி வைக்க என்ன இருக்கிறது?" என்று சிலர் கேட்கலாம். அவர்கள் ஒரு நாஞ்சில் நாட்டு விருந்து இலையைப் பார்க்க வேண்டும்.

அந்த இலையில் சாம்பாரும் ரசமும் உண்டு. அவியலும் எரிசேரியும் புளிசேரியும் உண்டு. இஞ்சிக் கறி உண்டு. கடைசியில் அடைப் பிரதமன் வரும். பாதி தமிழ்ச் சமையல். பாதி மலையாளச் சமையல். இரண்டும் ஒரே இலையில் சண்டை இல்லாமல் குடி இருக்கின்றன.

இது எப்படி வந்தது? 1956-ம் ஆண்டு அக்டோபர் மாதம் முடிய இந்த மண் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தது. அந்த ஆண்டு நவம்பர் 1-ந் தேதி தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய 4 தாலுகாக்களும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. கன்னியாகுமரி மாவட்டம் பிறந்தது. வரைபடத்தில் கோடு மாறியது. ஆனால் அடுப்பில் கொதிக்கும் குழம்பு மாறவில்லை. தேங்காய் எண்ணெய் வாசமும் மாறவில்லை.

ஆகவே இந்த மாவட்டத்துச் சமையல் அறை ஒரு சரித்திரப் புத்தகம். எந்தப் பள்ளிக்கூடத்திலும் அந்தப் புத்தகத்தைச் சொல்லித் தருவது இல்லை. வீட்டில் உள்ள தாய்மார்களுக்கு மட்டுமே அது மனப்பாடம்.

மிளகு எப்படி "நல்லமிளகு" ஆனது?

குமரி மாவட்டத்தில் மிளகை "நல்லமிளகு" என்று சொல்வார்கள். நெல்லைச் சீமையிலும் அந்த வழக்கம் உண்டு. மிளகில் நல்ல மிளகு, கெட்ட மிளகு என்று இருக்கிறதா?

காரணம் இதுதான். ஒரு காலத்தில் நம் சமையலில் காரம் என்றால் மிளகுதான். மிளகாய் கிடையாது. மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி. 1498-ம் ஆண்டு வாஸ்கோடகாமா கோழிக்கோடு வந்து சேர்ந்தார். அவரைத் தொடர்ந்து போர்ச்சுகீசியக் கப்பல்கள் வரிசையாக வந்தன. அவர்கள் மிளகை வாங்கிக்கொண்டு போக வந்தார்கள். வந்தவர்கள் மிளகாயை இங்கே விட்டுவிட்டுப் போனார்கள்!

புதிதாக வந்த காய்க்கு என்ன பெயர் வைப்பது? மிளகு போலக் காரமாக இருந்தது. அதனால் அது "மிளகாய்" ஆயிற்று. பழைய மிளகை அடையாளம் காட்ட வேண்டுமே! அது "நல்லமிளகு" ஆயிற்று.

அன்னாசிப் பழமும் அப்படி வந்ததுதான். அதன் பெயரே போர்ச்சுகீசியர் வாயில் இருந்து வந்த பெயர். முந்திரிப் பருப்பைக் குமரிக்காரர்கள் அண்டிப்பருப்பு என்பார்கள். அந்த மரமும் பிரேசில் நாட்டு மரம்.

நாம் வாங்கியது மட்டும் அல்ல. கொடுத்ததும் உண்டு. பலாப்பழத்தை நாஞ்சில் நாட்டில் "சக்கை" என்பார்கள். மலையாளத்திலும் "சக்க"தான். அந்தச் சொல்லைப் போர்ச்சுகீசியர் கொண்டு போனார்கள். அதுவே மருவி, இங்கிலீஷ்காரன் "ஜாக்" பழம் என்கிறான். நம்முடைய "மாங்காய்"தான் அவனுடைய "மாங்கோ".

இவ்வளவு கதையும் ஒரு அஞ்சறைப் பெட்டிக்குள் இருக்கிறது. "நல்லமிளகு" என்ற சொல்லைப் பேத்தி மறந்தால் என்ன ஆகும்? ஐந்நூறு ஆண்டுக் கதை ஒன்று அந்த வீட்டில் முடிந்துபோகும்.

பஞ்சத்தில் கைகொடுத்த கிழங்கு

மரச்சீனிக் கிழங்கின் கதை இன்னும் பெரியது. வெளி மாவட்டத்தார் இதை மரவள்ளிக்கிழங்கு என்பார்கள்.

இதுவும் தென் அமெரிக்காவில் இருந்து வந்ததுதான். திருவிதாங்கூரில் இதைப் பரவச் செய்த பெருமை விசாகம் திருநாள் மகாராஜாவைச் சேரும். அவர் 1880-ம் ஆண்டு முதல் 1885-ம் ஆண்டு வரை ஆட்சி செய்தார். செடி கொடிகளில் ஆர்வம் உள்ளவர். ஏழை மக்களின் பசிக்கு இந்தக் கிழங்கு உதவும் என்று அவர் கருதினார்.

அவர் கருதியது பின்னால் பலித்தது. நாஞ்சில் நாட்டைத் திருவிதாங்கூரின் நெற்களஞ்சியம் என்பார்கள். ஆனாலும் ராஜ்யம் முழுவதற்கும் அந்த நெல் போதாது. பர்மாவில் இருந்து கப்பலில் அரிசி வந்தது. இரண்டாவது உலகப் போர் மூண்டது. 1942-ம் ஆண்டு மார்ச் மாதம் ரங்கூன் நகரம் ஜப்பானியர் கையில் விழுந்தது. பர்மா அரிசி நின்றுபோயிற்று. அப்போது திருவிதாங்கூர் ஏழைகளைக் காப்பாற்றியது மரச்சீனிதான்.

அந்தக் காலத்தைக் கண்ட பாட்டிமார்களுக்கு மரச்சீனி வெறும் கிழங்கு அல்ல. உயிர் காத்த சோறு. பஞ்சம் போனது. ஆனால் கிழங்கு போகவில்லை. மரச்சீனியும் சாளைமீன் குழம்பும் என்றால் இன்றும் குமரிக்காரர்களுக்கு நாக்கில் நீர் ஊறும்!

இதில் எல்லோரும் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. மரச்சீனியில் இயற்கையாகவே ஒரு நச்சுச் சத்து இருக்கிறது. முறையாகச் சமைக்காவிட்டால் அதில் இருந்து சயனைடு என்ற விஷம் உண்டாகும். அதனால் இதைப் பச்சையாகத் தின்னக் கூடாது.

பாட்டி இதை எப்படிச் சமைப்பாள்? தோலையும் உள்பட்டையையும் நன்றாக உரிப்பாள். சிறு துண்டுகளாக வெட்டுவாள். இரண்டு மூன்று தண்ணீரில் கழுவுவாள். பானை நிறையத் தண்ணீர் ஊற்றி, திறந்து வைத்து வேகவிடுவாள். வெந்ததும் அந்தத் தண்ணீர் முழுவதையும் வடித்துக் கொட்டிவிடுவாள். பிறகுதான் தேங்காய், பச்சைமிளகாய், சீரகம், பூண்டு ஆகியவற்றை அரைத்துச் சேர்த்து, மரக் கரண்டியால் மசிப்பாள். கசக்கும் கிழங்கு என்றால் தூரப் போட்டுவிடுவாள்.

"ஏன் பாட்டி தண்ணியைக் கொட்டுத?" என்று கேட்டால், "அது அப்படித்தான், மக்களே" என்பாள். அவளுக்கு சயனைடு என்ற பெயர் தெரியாது. ஆனால் அந்தப் பழக்கத்தில் ஒரு குடும்பத்தின் உயிர் இருந்தது.

பேத்தி என்ன செய்வாள்? "தண்ணீரை ஏன் வீணாகக் கொட்ட வேண்டும்? சத்து போய்விடுமே!" என்று நினைப்பாள். கேஸ் மிச்சமாகட்டும் என்று குறைந்த தண்ணீரில் மூடி வேகவைப்பாள். செய்முறையில் ஒரு வரி விட்டுப்போனால் ருசி மட்டும் போகாது. உடம்புக்கே கேடு வரலாம்! எழுதி வைக்க வேண்டும் என்பதற்கு இந்த ஒரு காரணம் போதாதா?

வழிப்பயணத்துக்கு என்றே ஒரு பலகாரம்

இனி, ரெயிலில் போன டப்பாவுக்கு வருவோம்.

முந்திரிக்கொத்து என்ற பெயரைக் கேட்டதும் வெளியூர்க்காரர்கள் உள்ளே முந்திரிப் பருப்பைத் தேடுவார்கள். அது இருக்காது! மலையாளத்தில் முந்திரி என்றால் திராட்சை. பழைய தமிழிலும் திராட்சைக்கு முந்திரிகை என்ற பெயர் உண்டு. மூன்று உருண்டைகள் ஒன்றாக ஒட்டி, திராட்சைக் கொத்து போல இருப்பதால் இந்தப் பெயர்.

இது வழிப்பயணத்துக்கு ஏற்ற பலகாரம். பயறை வறுத்துவிடுகிறோம். தேங்காயை ஈரம் போக வறுத்துவிடுகிறோம். வெல்லப் பாகில் பிடிக்கிறோம். மேலே மாவுத் தோல் மூடிக்கொள்கிறது. ஈரம் இல்லாத பண்டம் சீக்கிரம் கெடாது. அதனால்தான் பல நாட்கள் தாங்குகிறது. புதுப்பெண்ணோடு மாமியார் வீட்டுக்குப் போகிறது. தீபாவளிக்கும் செய்வார்கள். கிறிஸ்துமசுக்கும் செய்வார்கள்.

இதைக் கண் அளவு இல்லாமல், எடை அளவோடு சொல்ல முடியாதா? முடியும். இதோ:

சிறுபயறு அரை கிலோ. வெல்லம் 400 கிராம். நடுத்தரத் தேங்காய் ஒன்று. எள் 50 கிராம். ஏலக்காய் 8. சுக்குப் பொடி அரைத் தேக்கரண்டி. மேல் மாவுக்கு பச்சரிசி மாவு 200 கிராம், ஒரு சிட்டிகை மஞ்சள் தூள், கொஞ்சம் உப்பு. பொரிக்கத் தேங்காய் எண்ணெய்.

சிறுபயறைச் சிறு தீயில் வாசம் வரும்வரை வறுக்க வேண்டும். நிறம் இளஞ்சிவப்பாக மாற வேண்டும், கருகக் கூடாது. ஆறியதும் ரவை போல் பொடிக்க வேண்டும். மாவாக அரைத்துவிட்டால் உருண்டை கல்லாகிவிடும். தேங்காயைத் துருவி, பொன்னிறமாக, கையில் ஈரம் ஒட்டாதபடி வறுக்க வேண்டும். எள்ளை வெடிக்கும்வரை வறுக்க வேண்டும்.

வெல்லத்தை ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்து, வடிகட்டிக் காய்ச்ச வேண்டும். ஒரு சொட்டுப் பாகைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து விரித்துப் பார்க்க வேண்டும். ஒரு கம்பி போல இழுத்தால் அதுதான் பதம். உடனே இறக்கி, பயறு, தேங்காய், எள், ஏலப் பொடி, சுக்குப் பொடி எல்லாவற்றையும் கொட்டிக் கிளற வேண்டும். கை பொறுக்கும் சூட்டில் நெல்லிக்காய் அளவு உருண்டை பிடிக்க வேண்டும். ஆறினால் பிடிக்க வராது. வீட்டில் உள்ள எல்லோரும் உட்கார்ந்து பிடித்தால்தான் வேலை முடியும்!

உருண்டைகளை ஓர் இரவு உலர விட வேண்டும். மறுநாள் பச்சரிசி மாவை உப்பு, மஞ்சள் சேர்த்து தோசை மாவுப் பதத்தில் கரைக்க வேண்டும். மும்மூன்று உருண்டைகளாக மாவில் முக்கி, காய்ந்த எண்ணெயில் சேர்ந்தாற்போல் போட்டு எடுக்க வேண்டும். மேல் மாவு மொறுமொறு என்று ஆனால் போதும். நன்றாக ஆறிய பிறகே டப்பாவில் அடைக்க வேண்டும்.

அவ்வளவுதான்! "கையில் தொட்டால் தெரியும்" என்று தாய் சொன்னது ஒரு கம்பிப் பதம். அதைச் சொல்லத் தெரியாமல் இல்லை. யாரும் உட்கார்ந்து கேட்கவில்லை!

"கைப்பக்குவத்தை எழுத முடியுமா?"

இப்படிக் கேட்பவர்கள் உண்டு. அவர்கள் சொல்வதில் கொஞ்சம் நியாயமும் உண்டு. தேங்காய்க்குத் தேங்காய் ருசி வேறு. புளிக்குப் புளி புளிப்பு வேறு. காகிதத்தைப் பார்த்து முதல் நாளே அம்மாவைப் போலச் செய்ய முடியாது.

ஆனால் காகிதம் இல்லாமல் தொடங்கவே முடியாதே! நூறு தடவை செய்தால் கைப்பக்குவம் வரும். முதல் தடவை செய்வதற்கு அளவு வேண்டும்.

உள்ளித் தீயலை எடுத்துக்கொள்ளுங்கள். நாஞ்சில் நாட்டுக்குப் பேர் சொல்லும் குழம்பு அது. அதன் உயிர் எங்கே இருக்கிறது? தேங்காயை வறுப்பதில் இருக்கிறது. கொஞ்சம் குறைத்து வறுத்தால் அது தீயல் ஆகாது. கொஞ்சம் கூட வறுத்தால் கசப்பு. இதைத்தான் "பக்குவம்" என்கிறார்கள். அதையும் எழுதலாம்.

சின்ன உள்ளி கால் கிலோ. அரை மூடி அல்ல, ஒரு முழு மூடித் தேங்காய்த் துருவல். மல்லி 2 மேசைக்கரண்டி. மிளகாய் வற்றல் 6. நல்லமிளகு அரைத் தேக்கரண்டி. வெந்தயம் ஒரு சிட்டிகை. எலுமிச்சம்பழ அளவு புளி.

தேங்காயைச் சிறு தீயில் கை விடாமல் வறுக்க வேண்டும். முதலில் வெள்ளை மாறும். பிறகு பொன்னிறம் ஆகும். அதோடு நிறுத்திவிடக் கூடாது. காப்பிக்கொட்டை நிறம் வரும்வரை வறுக்க வேண்டும். அந்த நேரத்தில் மல்லி, மிளகாய், மிளகு, வெந்தயம் சேர்த்து, இரண்டு புரட்டுப் புரட்டி உடனே வேறு பாத்திரத்தில் கொட்ட வேண்டும். சட்டியிலேயே விட்டால், அடுப்பை அணைத்தாலும் சட்டிச் சூட்டில் கருகிவிடும். ஆறியதும் மை போல அரைக்க வேண்டும். தேங்காய் எண்ணெயில் கடுகும் கறிவேப்பிலையும் தாளித்து, உள்ளியை வதக்கி, புளிக்கரைசலும் உப்பும் மஞ்சளும் சேர்த்துக் கொதிக்க விட வேண்டும். உள்ளி வெந்ததும் அரைத்ததைக் கலக்க வேண்டும். எண்ணெய் மேலே தெளிந்து வந்தால் இறக்கலாம்.

"காப்பிக்கொட்டை நிறம்", "சட்டியில் விடாதே" என்ற இந்த இரண்டு வரிகளில் பாதிக் கைப்பக்குவம் வந்துவிட்டது அல்லவா?

வேறு சிலர், "எல்லாம் செல்போனில் வருகிறதே!" என்பார்கள். வருகிறது, இல்லை என்று சொல்ல முடியாது. அதில் ஆயிரம் தீயல் இருக்கிறது. ஆனால் உங்கள் வீட்டுத் தீயல் அதில் இல்லை. உங்கள் பாட்டி பூண்டு சேர்த்தாளா, சேர்க்கவில்லையா? அது செல்போனுக்குத் தெரியாது. தோவாளையில் ஒரு பக்குவம். குளச்சலில் ஒரு பக்குவம். ஒரே தெருவில் இரண்டு வீட்டுக்கு இரண்டு பக்குவம். அதுதானே வீட்டுச் சமையல்!

வழி காட்டிய அம்மையார்

இந்த வேலையை ஒரு பெண்மணி முன்பே செய்து காட்டி இருக்கிறார். அவர் பெயர் எஸ்.மீனாட்சி அம்மாள். சென்னையைச் சேர்ந்தவர். இளம் வயதிலேயே கணவரை இழந்தார். குடும்பப் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது.

அவருடைய கைச்சமையலை உறவினர்கள் மறக்கவில்லை. வெளியூருக்குப் போனவர்கள் "இது எப்படிச் செய்வது? அது எப்படிச் செய்வது?" என்று கடிதம் எழுதிக் கேட்டார்கள். இதைப் பார்த்த அவருடைய மாமா கே.வி.கிருஷ்ணசாமி ஐயர், "எல்லாவற்றையும் ஒரு புத்தகமாக எழுதிவிடு" என்று தூண்டினார். 1951-ம் ஆண்டு "சமைத்துப் பார்" முதல் பாகம் வெளிவந்தது. அடுப்படியில் நின்ற ஒரு பெண், அளவையும் முறையையும் வரி வரியாக எழுதினார். பின்னால் அது ஆங்கிலத்திலும் வந்தது. கடல் கடந்து போன பெண்களின் பெட்டியில் துணிமணியோடு அந்தப் புத்தகமும் போயிற்று. இன்றும் கடைகளில் கிடைக்கிறது.

மீனாட்சி அம்மாள் எழுதியது அவர் வீட்டுச் சமையல். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு மீனாட்சி அம்மாள் வேண்டும். புத்தகம் அச்சுப் போட வேண்டியது இல்லை. பள்ளிக்கூடப் பிள்ளையின் நோட்டு ஒன்று போதும்!

எப்படி எழுதுவது?

தாய்மார்களுக்கு எழுத நேரம் இருக்காது. பல பாட்டிமார்களுக்கு எழுதவும் தெரியாது. பிள்ளைகள் உட்கார்ந்து எழுத வேண்டும். வாரத்துக்கு ஒரு பண்டம் போதும். ஓர் ஆண்டில் 52 பண்டங்கள் ஆகிவிடும்.

ஒன்று: அம்மா கையில் எடுத்த பிடியை அப்படியே தராசில் வைத்து நிறுத்துப் பாருங்கள். தராசு இல்லை என்றால் ஒரு டம்ளரால் அளந்து எழுதுங்கள். எந்த டம்ளர் என்பதையும் எழுதுங்கள். முன்பு நாழி, உழக்கு, படி என்று அளந்தார்கள். ஊருக்கு ஊர் நாழி வேறாக இருந்தது. 1956-ம் ஆண்டு மெட்ரிக் அளவுக்குச் சட்டம் வந்தது. கிலோவும் கிராமும் வீட்டுக்கு வந்தன. இன்று "அரை நாழி அரிசி" என்று எழுதி வைத்தால் பேரனுக்குப் புரியாது.

இரண்டு: "பதமாக", "பக்குவமாக" என்று சொன்னால் விடாதீர்கள். என்ன நிறம், என்ன வாசம், எத்தனை நிமிஷம் என்று கேளுங்கள்.

மூன்று: ஊர்ப் பெயர்களை மாற்றாதீர்கள். உள்ளியை உள்ளி என்றே எழுதுங்கள். மரச்சீனியை மரச்சீனி என்றே எழுதுங்கள். பக்கத்தில் மற்றவர்களுக்குப் புரியும் பெயரையும் எழுதுங்கள்.

நான்கு: ஏன் என்று கேளுங்கள். மரச்சீனித் தண்ணீரை ஏன் கொட்டுகிறோம் என்பதுபோல ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருக்கும்.

ஐந்து: அந்தப் பண்டம் யாரிடம் கற்றது, எந்த ஊரில் கற்றது என்று எழுதுங்கள். "இது அத்தை கொழும்பில் கற்று வந்த சொதி" என்று ஒரு வரி இருந்தால், குடும்பத்தின் கதையும் அதில் நிற்கும்.

மகனுக்கு வேண்டாமா?

கல்யாணப் பந்திக்குச் சமைக்க வருகிறவர்கள் பெரும்பாலும் ஆண்கள்தான். அவர்களுக்குக் கூலி உண்டு. "அவியல் அருமை!" என்ற பெயரும் உண்டு. ஆனால் வீட்டில் தினமும் மூன்று வேளை சமைக்கும் பெண்ணுக்குக் கூலியும் கிடையாது; பெயரும் கிடையாது. உப்பு கொஞ்சம் கூடினால் மட்டும் பேச்சு கிடைக்கும்!

நாலாயிரம் பேருக்கு அவியல் வைக்க ஓர் ஆணால் முடியும் என்றால், நாலு பேருக்கு வைக்க ஏன் முடியாது? "ஆம்பளைப் பிள்ளைக்கு அடுக்களையில் என்ன வேலை?" என்று விரட்டிய தாய்தான், பிறகு அவன் வெளியூரில் வயிறு கெட்டுக் கிடக்கும்போது கண்ணீர் வடிக்கிறாள். பிள்ளை வெளியூர் போவதற்கு முன்னால் அவனுக்குச் சோறு வடிக்கவும், ஒரு குழம்பு வைக்கவும் கற்றுக் கொடுத்து அனுப்புங்கள். டப்பாவில் உள்ள பலகாரம் பத்து நாளில் தீர்ந்துவிடும். கற்ற வித்தை தீராது.

சமைத்துப் பார்த்தவனுக்குத்தான் சமைப்பவளின் கஷ்டம் தெரியும். அது அவன் மனைவிக்கும் நல்லது.

புதியது வந்தால் வெறுக்காதீர்கள்

இன்னும் ஒன்று. பழையதைக் காப்பாற்ற வேண்டும் என்றால் புதியதை விரட்ட வேண்டும் என்று அர்த்தம் அல்ல.

மும்பையில் இருந்து வந்த மருமகள் புதிதாக ஒன்று செய்வாள். வளைகுடாவில் இருந்து வந்த மகன் அங்கே தின்றதைச் சொல்லி ஆசைப்படுவான். "இது நம்ம ஊர்ச் சாப்பாடு இல்லை" என்று முகம் சுளிக்கக் கூடாது. மிளகாயும் ஒரு நாள் நம் ஊர்ச் சாப்பாடாக இல்லை. மரச்சீனியும் ஒரு நாள் அந்நியக் கிழங்குதான். அன்று யாரோ ஒரு பெண் துணிந்து அடுப்பில் ஏற்றினாள். ருசி பார்த்தாள். பக்கத்து வீட்டுக்கும் கொடுத்தாள். அதனால்தான் இன்று அது நம்முடையது.

நம் மண்ணில் விளைவதற்கும் உலகத்தில் மதிப்பு வந்திருக்கிறது. குமரி மாவட்டத்து மட்டிப் பழத்துக்கு 2023-ம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. பிறந்த குழந்தைக்கு முதன்முதலில் மசித்து ஊட்டும் சின்னப் பழம் அது. பழத்துக்குச் சர்க்கார் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டது. ஆனால் அந்தப் பழத்தை எப்படிப் பக்குவமாக ஊட்டுவது என்று பாட்டிக்குத் தெரியுமே, அதற்கு யார் பத்திரம் எழுதுவது? வீட்டில் உள்ளவர்கள்தான் எழுத வேண்டும்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. எல்லோரும் வீட்டில் இருப்பீர்கள். அடுக்களையில் ஏதோ ஒன்று கொதித்துக்கொண்டு இருக்கும். ஒரு நோட்டையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு உள்ளே போங்கள். அம்மா உப்பு எடுக்கும்போது, "கொஞ்சம் பொறும்மா. அது எவ்வளவுன்னு பாக்கணும்" என்று சொல்லுங்கள்.

அம்மா சிரிப்பாள். "இதெல்லாமா எழுதுவாவ?" என்பாள். எழுதுங்கள். வெளியூரில் இருந்தால் போனில் கேட்டு எழுதுங்கள். அடுத்த ரெயிலில் பிள்ளை புறப்படும்போது, முந்திரிக்கொத்து டப்பாவின் மேலே அந்த நோட்டையும் வைத்துக் கட்டிக் கொடுங்கள்.